நன்றியை ஏட்டில் ஏற்றுங்கள்

நான் 32 வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தேன். பொறையாறு பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எத்தனை கிலோ அரிசி எடுத்தோம், எத்தனை முட்டை அவித்தோம் என்று எல்லாமே அன்றன்றைக்குப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த நாள் கணக்கும் சேர்ந்து குழம்பிவிடும்.

2007-இல் ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி அம்மா என் செலவுப் பதிவேட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் ‘இதர’ என்று எழுதித் தொகை போட்டிருந்தேன். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். “இதரன்னா என்னம்மா? உப்பா, கடுகா, விறகா? பேரை எழுதுங்க. பேர் இல்லாம எழுதுனா அது கணக்கே இல்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்று இரவு குடும்ப ஜெபம். நான்தான் ஜெபித்தேன். “இன்றைக்கு நீர் எங்களுக்குச் செய்த எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்” என்று வழக்கம்போல் சொல்லி முடிக்கப் போனேன். அந்தச் சிவப்பு வட்டம் கண்முன் வந்து நின்றது. இத்தனை வருடமாக ஆண்டவரிடமும் ‘இதர’ என்றுதானே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நெஞ்சில் சுருக்கென்றது. அன்றைக்குக் காலையில் அவர் செய்த ஒரு நன்மையைப் பெயர் சொல்லச் சொன்னால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். இப்போது பதினான்காவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் சொன்னபோது, எப்படிச் செய்வது என்று விவரமாகச் சொல்லுங்கள் அக்கா என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மறந்துபோகிறோமே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். ‘அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே’ என்று 103-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அதைச் சங்கீதக்காரர் யாரிடம் சொல்கிறார் பாருங்கள், ‘என் ஆத்துமாவே’ என்று தன்னிடமே சொல்லிக்கொள்கிறார். அவருக்கே தன் ஆத்துமாவை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நமக்கு ஒரு முறை தேவைப்படுவதில் வெட்கமே இல்லை.

நோட்டு

அழகான டைரி வேண்டாம். அதில் அடித்துத் திருத்த மனசு வராது, அப்புறம் எழுதவே மாட்டோம். சாதாரணக் கோடு போட்ட நீள நோட்டு போதும். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். தேதி, வந்தது, யார் கையால் வந்தது. இந்த மூன்றாவது கட்டம் மிகவும் முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு நாளைக்கு மூன்று வரி, அதற்குமேல் வேண்டாம். முதல் வாரம் உற்சாகத்தில் முழுப் பக்கம் எழுதினவர்கள் மூன்றாவது வாரம் நோட்டை எங்கே வைத்தோம் என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வரி என்றால் காய்ச்சலில் கிடந்தாலும் எழுதிவிடலாம்.

எப்போது எழுதுவது என்பதில் நான் நிறைய தடுமாறினேன். படுக்கப்போகும்போது எழுதினேன், தூக்கம் சொக்கியது. விடியற்காலையில் எழுதினேன், நேற்று நடந்தது மங்கலாகிவிட்டது. கடைசியில் பால் கணக்கோடு சேர்த்துவிட்டேன். சாயங்காலம் பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் எப்படியும் பேனாவை எடுத்து அரை லிட்டர் என்று குறிக்கிறேன், அதே பேனாவால் இந்த நோட்டிலும் மூன்று வரி. உங்கள் வீட்டில் பால் கணக்கு இல்லையென்றால் சர்க்கரை மாத்திரை போடுகிற நேரமோ, பேரப்பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற நேரமோ பாருங்கள். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிட்டால் அது இதையும் இழுத்துக்கொண்டு வரும்.

என்ன எழுதுவது? பேர் சொல்லி எழுதுங்கள். ‘சுகத்துக்காக’ என்று எழுதாதீர்கள். ‘இன்றைக்கு முழங்கால் வலிக்காமல் சர்ச் படி ஏறினேன்’ என்று எழுதுங்கள். என் பழைய நோட்டுகளிலிருந்து சில வரிகள் தருகிறேன்.

‘முட்டை வண்டி நேரத்துக்கு வந்தது. ஒன்றுகூட உடையவில்லை. டிரைவர் தம்பி.’

‘மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்டது. ஒரு வாரம் கழித்து. சமையலர் அக்கா மடியில் வைத்து ஊட்டினார்.’ அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டு எழுந்து வந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பதுதான் கணக்கு. அந்த 100 கிராமையும் தொடாமல் ஒரு வாரம் தட்டை மூடி வைத்துவிட்டுப் போன பிள்ளை அது. அந்த வரியை இப்போது வாசித்தாலும் எனக்கு அந்தத் தட்டு தெரிகிறது. ‘பிள்ளைகளின் சுகத்துக்காக ஸ்தோத்திரம்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் தட்டும் தெரியாது, பிள்ளையும் தெரியாது.

ஒன்றுமே தோன்றாத நாளும் வரும். அப்போது தட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள். நம் ஊரில் இதற்கு இடம் அதிகம். இந்தச் சோறு எங்கிருந்து வந்தது? எங்கள் ஒன்பது மா நிலத்திலிருந்து. நிலத்துக்குத் தண்ணீர்? வீரசோழன் ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால். நாங்கள் கடைமடை. மேட்டூரில் திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும், அங்கிருந்து எங்கள் வாய்க்காலை எட்ட அதற்குமேல் பத்து நாளாவது ஆகும். வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. இரண்டு வருடமும் என் நோட்டில் இருக்கின்றன. 2022-இல் ‘தண்ணீர் வந்தது’ என்று ஒரே வரி. 2024-இல் தண்ணீர் எங்கள் மதகைத் தொட்ட அன்று மூன்று வரியும் அதற்கே போய்விட்டது. முதலில் ஒரு நாக்கு அளவுக்கு, காய்ந்த இலையையும் பிளாஸ்டிக் பையையும் தள்ளிக்கொண்டு, நுரையோடு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கி நின்றார். தெருவில் எல்லா மதத்துப் பெண்களும் வந்து நெல்லும் பூவும் தூவினார்கள். குடகில் பெய்த மழை என் வாசலுக்கு வந்து சேர எத்தனை மதகு, எத்தனை கை தாண்டி வருகிறது! ஒரு கவளம் சோற்றிலிருந்து பின்னோக்கிப் போனால் மூன்று வரி பற்றாது.

பிடியரிசி

நோட்டு எனக்குப் புதிது. இது எங்கள் மாமியார் காலத்துக்கும் முந்தினது. நம் சபைகளில் முன்பு வீட்டுக்கு வீடு இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அரிசி டின் பக்கத்தில் வாய் குறுகிய ஒரு மண்கலயம் வைத்துக்கொள்ளுங்கள். மூடி வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி வைக்கும். இரண்டு வேப்பிலைக் கொத்தும் காய்ந்த மிளகாயும் அடியில் போடுங்கள். உலை வைத்துவிட்டு, அரிசியை அளந்து முறத்தில் கொட்டிய பிறகு, களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். போடும்போது ஒரே ஒரு காரியத்தைப் பேர் சொல்லி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்வது நல்லது.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் டின்னிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்துப் போட்டேன். மாமியார் பார்த்துவிட்டார். “அளந்த பிறவு எடு பாப்பா. டின்னுலேர்ந்து எடுத்தா அது மிச்சத்தக் குடுக்குறது. படியிலேர்ந்து எடுத்தாத்தான் நம்ம பங்குலேர்ந்து குடுக்குறது” என்றார். அளந்ததிலிருந்து எடுத்தால் அன்றைக்கு யாருக்காவது ஒரு கரண்டி குறையும். பெரும்பாலும் அது அவருக்குத்தான் குறைந்தது. அதைக் கவனிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இரண்டு வேளைச் சமையலுக்கு மாதம் இரண்டு கிலோவாவது சேரும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், அல்லது தெருவில் உலை வைக்காத வீடு எது என்று உங்களுக்கே தெரியும். அங்கே கொடுக்கும்போது நல்ல அரிசியாகப் பார்த்துக் கொடுங்கள். வண்டு அடித்ததைக் கொடுத்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கிறோம். பசியில் ஜெபிப்பதால் வேகமாக முடித்துவிடுகிறோம், பிள்ளைகள் அப்பளத்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு ஆமென் சொல்கிறார்கள். உபாகமம் 8-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனத்தைப் பாருங்கள். ‘புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்’ ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது. மறந்துபோகிற நேரம் அதுதான் என்று மோசேக்குத் தெரிந்திருக்கிறது. வயிறு நிறைந்த பிறகு, கை கழுவுவதற்கு முன்னால், ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். என்ன சாப்பிட்டோம் என்று தெரிந்தே சொல்லலாம்: ஆண்டவரே, அந்த மோர்க்குழம்புக்காக ஸ்தோத்திரம்.

யார் கையால்

மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன். லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். அவன் உரத்த சத்தமாய்த் தேவனை மகிமைப்படுத்திக்கொண்டு வந்து இயேசுவின் பாதத்தில் விழுந்தான். நடந்து திரும்பி வந்தான் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மற்ற ஒன்பது பேரும் வீட்டில் இருந்தபடியே மனதுக்குள் நன்றி நினைத்திருக்கலாம்.

மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டி, மூன்றாவது கட்டத்தில் இருக்கிற பெயர்களில் ஒருவரிடமாவது போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இங்கே நமக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் வீட்டில், தெருவில், ‘நன்றி’ என்று யாரும் சொல்வதில்லை. அது மேடையில் சொல்கிற வார்த்தை. சொந்தத் தங்கச்சியிடம் ‘நன்றி’ என்றால் என்னக்கா வேற்றாளா நான் என்று முகம் வாடிவிடும். அப்படியானால் என்ன சொல்வது? நடந்ததைத் திரும்பச் சொல்லுங்கள், அது போதும். “நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ கொண்டாந்த நொய்க்கஞ்சி இன்னும் நாக்குல இருக்குடி” என்றேன் ஒருநாள். பதினோரு வருடம் கழித்துச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் முந்தானையை எடுத்து என் தாடையில் ஒட்டியிருந்த வெற்றிலைச் சாற்றைத் துடைத்துவிட்டாள்.

வயதில் சின்னவர்களுக்கு ‘நல்லா இருப்பே’ என்று சொன்னாலே போதும். புயல் நேரத்தில் கம்பத்தில் ஏறி மின்சாரம் கொடுத்த லைன்மேன் தம்பிக்கு ஒரு செம்பு மோர் கொண்டுபோய் அதைத்தான் சொன்னேன்.

போய்ச் சொல்ல முடியாதவர்களும் உண்டு. தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போகும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706 ஜூலை 9-ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கினார். இங்கிருந்த டேனிஷ் கோட்டை அதிகாரி அவரை நாலு மாதம் சிறையில் வைத்தார். வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது, காகிதம் பற்றாமல் எங்கள் பொறையாறில் காகித ஆலை வைத்தார்கள். 1718-இல் இந்த ஆலயம், அடுத்த வருடமே அவர் இறந்துபோனார், அப்போது வயது 36. அவரோடு உட்கார்ந்து தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள், எழுத்துக் கோத்தவர்கள், காகிதம் காயப்போட்டவர்கள், இவர்களில் பலருடைய பெயர் நமக்குக் கிடைக்காது. வருடா வருடம் ஜூலை 9 அன்று என் நோட்டில் ‘தமிழில் வாசிக்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். மூன்றாவது கட்டத்தில் அவர் பெயரும், ‘இன்னும் பலர்’ என்பதும். அந்த ஒரு இடத்தில் மட்டும் ‘இதர’வை அனுமதிக்கிறேன்.

நன்றி வராத நாள்

இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி வந்தது. அப்போதைய எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனவரியில் ஒரு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். “அத்தனை பேர் போனார்கள், ஆனால் கர்த்தர் எங்களைக் காத்தார், ஸ்தோத்திரம்” என்றேன். இரண்டாவது பெஞ்சில், பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியானால் என் பிள்ளையை ஏன் காக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. பிறகு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பார்வை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காத பாதுகாப்பு உங்களுக்குக் கிடைத்ததென்றால், அதற்கான ஸ்தோத்திரத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள். வெளியே வரும்போது கையில் அரிசியோ போர்வையோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நமக்கே இழப்பு வந்தால்? 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் என் தங்கை வீட்டுத் தென்னை எல்லாம் சாய்ந்தது. இருபத்தைந்து வருடத்து மரங்கள், ஒரே இரவு. பார்க்கப் போனேன். “எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்க” என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் திண்ணையில் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள்.

தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்கிறார். எல்லாவற்றிலேயும். விழுந்த மரத்துக்காக என்று நான் வாசிக்கவில்லை. மரம் விழுந்துகிடக்கிற தோப்புக்கு நடுவில் நின்றுகொண்டு, அங்கேயும் நன்றிக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப்பார்ப்பது என்றுதான் வாசிக்கிறேன். எபேசியரில் ‘எல்லாவற்றிற்காகவும்’ என்றும் எழுதியிருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அந்த இடத்துக்கு நான் இன்னும் போய்ச் சேரவில்லை. ஆண்டவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

அந்த மாதிரி நாட்களில் முதலில் அழுங்கள். சங்கீதங்களில் அழுகை நிறைய இருக்கிறது, அதை வாசியுங்கள். நோட்டில் தேதியை மட்டும் எழுதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பள்ளிக்கூடம் மூடின நாளிலும் பதிவேட்டில் தேதி போட்டு ‘உணவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதுவும் பதிவுதான். தங்கைக்கு நான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பதினாறு நாள் வெறும் தேதி போட்டிருந்தாள். பதினேழாவது நாள், ‘வேரோடு சாயாத மரம் நாலு. இன்றைக்கு எண்ணினேன்’ என்று எழுதியிருந்தாள்.

வருடக் கணக்கு

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த வருடத்து நோட்டை வீட்டில் எல்லோரும் கேட்க வாசிக்கிறோம். முழுதும் வேண்டாம், ஆளுக்கு ஒரு மாதம். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் தொகையை எழுதுகிறோம் அல்லவா, எதற்காக என்றும் ஒரு வரி எழுதுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு நெல்லோ வாழைத்தாரோ பூசணியோ கொண்டுபோகும்போது முதலில் காய்த்ததை ஒதுக்கி வையுங்கள். ஏலத்தில் அதிகம் போகும் என்பதற்காகப் பெரியதைத் தேட வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார். எங்கள் மாமியாருக்கும் எழுத்து தெரியாது. நான் நோட்டு எழுதுவதைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு வழி வைத்துக்கொண்டார். பழைய தைல டப்பா ஒன்றைத் தலைமாட்டில் வைத்திருந்தார். ஏதாவது நன்மை நடந்தால் ஒரு புளியங்கொட்டையை அதில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது இன்னதுக்கு, இது இன்னதுக்கு என்று சொல்லி ஜெபித்துவிட்டுக் காலியாக்குவார். ஒன்றுகூட மாறாது. நான் நோட்டைப் பார்த்தும் தடுமாறுவேன், அவர் கொட்டையைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அவர் ஒரு சனிக்கிழமை இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு டப்பாவைத் திறந்தேன். ஏழு கொட்டைகள் இருந்தன. அந்த வாரம் என்னென்ன நடந்தது என்று என் நோட்டைப் புரட்டிப் பார்த்து மூன்றுக்குப் பொருள் கண்டுபிடித்தோம். மற்ற நாலும் எதற்கென்று அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். டப்பா இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது.